க்ரூஸரா, டூரிங் வண்டியா? தினசரி நெரிசல், மாதம் ஒரு கும்பகோணம் பயணம்: ஆலோசனை தேவை

சோழமண்டலன்

அனைவருக்கும் வணக்கம். நீண்ட காலமாக 150 சிசி வண்டி ஒன்றை ஓட்டி வருகிறேன்; அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வயது 43, உயரம் 5 அடி 4 அங்குலம். வீடு போரூரில், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என்பதால் வாரத்தில் ஆறு நாளும் சென்னை நெரிசலில்தான் வண்டி ஓடும். மாதம் ஒருமுறை கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவேன். போக மட்டும் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பெரும்பாலும் மனைவியும் உடன் வருவார். ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களோடு கொல்லிமலை, வால்பாறை என்று மலைப்பக்கம் போவதும் உண்டு.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டி வரை நான்குவழிச் சாலை. குறை சொல்ல எதுவுமில்லை. அங்கே பிரிந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக இறங்கும் பகுதி எப்படி இருக்கும் என்பது டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நான்குவழியாக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் மாற்றுப்பாதை, ஜல்லி, ஒட்டுப்போட்ட தார் என்று மாறிமாறிப் பார்த்தாயிற்று.

மனத்தில் இருப்பவை இரண்டு: தாழ்ந்த இருக்கையில் கால் நீட்டிச் சாய்ந்து ஓட்டும் க்ரூஸர் வகையில் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350; நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் போகும் டூரிங் வகையில் அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450. இரண்டையும் ஷோரூமில் ஓட்டிப் பார்த்தேன். மீட்டியோரில் உட்கார்ந்ததும் வீட்டு நாற்காலியில் சாய்ந்தது போல் இருந்தது. ஹிமாலயனில் கால் நுனிதான் தரையைத் தொட்டது. ஆனால் ஓட ஆரம்பித்ததும் வண்டி கைக்கு அடங்கிப் போனது. கீழ்முதுகில் எனக்கு அவ்வப்போது வலி வரும். வண்டி ஓட்டத் தடையில்லை, ஒரே நிலையில் நெடுநேரம் உட்காராதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தண்டர்பேர்டு_அண்ணாச்சி

தம்பி, உங்கள் பயன்பாட்டுக்கு க்ரூஸர்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 2002-இல் ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு வந்த காலத்திலிருந்து இந்த வகை வண்டிகளில்தான் என் பயணம். 2020 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த மீட்டியோரை இப்போது ஓட்டுகிறேன்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். மீட்டியோரின் இருக்கை 765 மில்லிமீட்டர், ஹிமாலயனுடையது 825. இந்த 60 மில்லிமீட்டர் வேறுபாடு தாளில் சிறிதாகத் தெரியும். போரூர் சந்திப்பில் ஆட்டோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவில் நின்று நின்று நகரும்போதுதான் அதன் அருமை தெரியும். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்தால் நெரிசல் என்பது வெறும் காத்திருப்பு. பதியாவிட்டால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு சிறிய கழைக்கூத்து.

அடுத்தது இன்ஜின். 20 குதிரைத்திறன் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். குதிரைத்திறனை விட்டுவிட்டு, வண்டியை இழுக்கும் முறுக்குவிசை இன்ஜினின் எந்தச் சுழல்வேகத்தில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்டியோரில் 27 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே அடிக்கடி கியரை மாற்ற வேண்டிய தேவை குறைவு. நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை, நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாள் முழுவதும் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிற வண்டி இருக்கும்போது ஹிமாலயனின் 40 குதிரைத்திறனுக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

பணம் என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். முன்பே இருந்த விலை வேறுபாடு இதனால் இன்னும் விரிந்து, இன்று இந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையே ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கிறது. அந்தப் பணத்தில் எத்தனை முறை கும்பகோணம் போய்வரலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைல்கல்

அண்ணாச்சி சொன்ன வரிக் கணக்கும் வேகக் கணக்கும் சரி. ஆனால் கேள்வி கேட்டவர் முதுகுவலி என்று எழுதியிருக்கிறார்; அதைத் தொடாமலேயே பதில் முடிந்துவிட்டது.

நாற்காலி என்று நீங்களே சொன்னதால், அதை வைத்தே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களை ஒரு அடி முன்னால் நீட்டி வையுங்கள். கையை எதிலும் ஊன்றாமல் இடுப்பை இருக்கையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்க முயலுங்கள். முடியாது, உடலை முன்னே வீசினால்தான் எழ முடியும். இப்போது பாதங்களைத் தொடைக்கு நேர்கீழே இழுத்து வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்; சிரமமில்லாமல் எழுவீர்கள். க்ரூஸரின் ஃபுட்பெக், அதாவது ஓட்டுபவர் கால் வைக்கும் கட்டை, முதல் நிலையை ஒட்டியது, டூரிங் வண்டியின் ஃபுட்பெக் இரண்டாம் நிலையை ஒட்டியது. பள்ளம் கண்ணில் பட்டதும் இடுப்பைச் சற்றே தூக்கி, அதிர்ச்சியை முழங்காலில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு ஒன்றில் உண்டு, மற்றதில் அநேகமாக இல்லை. அங்கே வருகிற அடி அத்தனையும் வால் எலும்பு வழியாகக் கீழ்முதுகில் போய் இறங்கும்.

மீட்டியோரின் ஃபுட்பெக் அமெரிக்க க்ரூஸர்களைப் போல ஒரேயடியாக முன்னால் இல்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இடுப்பு பின்பக்கமாகச் சாய்ந்து, முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும் அளவுக்கு முன்னால்தான் இருக்கிறது. இந்தத் தோரணை முதல் முக்கால் மணி நேரத்துக்கு மிகவும் இதமானது. அதனால்தான் ஷோரூம் ஓட்டத்தில் க்ரூஸர் எப்போதும் வெற்றி பெறுகிறது. வடலூர் தாண்டும்போது நீங்கள் நான்காம் மணி நேரத்தில் இருப்பீர்கள்.

சஸ்பென்ஷனும் இதோடு சேர்ந்த விஷயம்தான். இருக்கையைத் தாழ்த்த வேண்டுமானால் பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கான இடத்தைக் குறைத்தாக வேண்டும். அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியோர் 650-இல் பின்பக்க அசைவு 101 மில்லிமீட்டர், ஹிமாலயனில் 200. தாழ்வான இருக்கைக்கு நாம் கொடுக்கும் விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கொங்கு_ரைடர்

உயரம் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் ஒரு பெண். உயரம் 5 அடி 3 அங்குலம். பல ஆண்டுகளாக 835 மில்லிமீட்டர் இருக்கை கொண்ட சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் ஓட்டுகிறேன். நிற்கும்போது இரண்டு கால்களையும் ஊன்ற முயலுவதில்லை. நிறுத்தப்போகும் கடைசி நொடியில் இடுப்பை இருக்கையின் இடப்பக்கம் சற்று நகர்த்தி, இடது பாதத்தை மட்டும் முழுதாகப் பதித்துக்கொள்வேன்; வலது கால் பின்பிரேக்கிலேயே இருக்கும். நெரிசலில் கிளம்புவதும் நிற்பதும் சில வாரங்களில் பழகிவிடும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கால் வைக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது: சாலையோரச் சரிவு, மணல், எண்ணெய்க்கறை.

சோழமண்டலன் அண்ணா, ஹிமாலயனில் நீங்கள் தயங்கியது உயரத்தால் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். கால் எட்டாததைவிட, வண்டி சாய்ந்தால் தாங்க முடியுமா என்கிற எண்ணம்தான் பலரைத் தடுக்கிறது. ஹிமாலயன் 196 கிலோ, மீட்டியோர் 191 கிலோ. இரண்டும் கனம்தான், மீட்டியோரின் கனம் தாழ்வாக இருப்பதால் உறுத்துவதில்லை. வி-ஸ்ட்ராம் 167 கிலோ. அந்த 29 கிலோ குறைவு, கோயில் வாசலில் மணல் தரையில் வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்கும்போது நன்றாகவே தெரியும். 249 சிசி என்பதால் 18 சதவீத வரிதான். ஹிமாலயனே வேண்டுமென்றால் 805 மில்லிமீட்டருக்கு இறக்கும் தாழ்ந்த இருக்கையும் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

பழைய_பெட்ரோல்

தலைப்பிலிருந்து விலகாமல் சிறு குறிப்பு. க்ரூஸர் எந்தச் சாலைக்காகப் பிறந்தது என்று பார்த்தால் பாதி விவாதம் தீர்ந்துவிடும். ஹார்லி 1971-இல் சூப்பர் கிளைடையும் 1977-இல் லோ ரைடரையும் கொண்டுவந்தபோது, அவற்றுக்கு முன்னால் இருந்தவை அகன்ற, நேரான, சமதளமான அமெரிக்கச் சாலைகள். நீண்ட சக்கர இடைவெளி, முன்சக்கரத்தைத் தாங்கும் சரிந்த முன்ஃபோர்க், தாழ்ந்த இருக்கை என எல்லாமே நேர்க்கோட்டு நிதானத்துக்கானவை.

டூரிங் வண்டியின் கதை வேறு. இன்று அந்த வகையின் அடையாளமாகச் சொல்லப்படும் ஹோண்டா கோல்டு விங், 1975 மாடலாக விற்பனைக்கு வந்தபோது முன்கண்ணாடியும் இல்லை, பெட்டிகளும் இல்லை, மொட்டை வண்டி. வாங்கியவர்கள்தாம் கிரெய்க் வெட்டரின் விண்ட்ஜாம்மர் போன்ற காற்றுத்தடுப்புகளைத் தாங்களே மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1980-இல்தான் ஹோண்டாவே எல்லாம் பொருத்திய இன்டர்ஸ்டேட் வகையை வெளியிட்டது. அதே 1980-இல் பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வந்து, மண்சாலைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான உயர்ந்த வண்டி என்ற இன்னொரு கிளையைத் தொடங்கியது. ஹிமாலயன் அந்தக் கிளையைச் சேர்ந்தது. ஆகவே காற்றுத்தடுப்பையும் பெட்டியையும் எந்த வண்டியிலும் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். ஃபுட்பெக் இருக்கும் இடத்தையும் சஸ்பென்ஷன் அசைவையும் அப்படிச் சேர்க்க முடியாது.

தண்டர்பேர்டு_அண்ணாச்சி

வரலாறு இருக்கட்டும். மாதத்தில் 25 நாள் நகரத்தில் ஓடப்போகும் வண்டியை, மாதத்தில் இரண்டு நாள் ஓடும் சாலைக்காக வாங்கச் சொல்கிறீர்கள். பெரும்பாலான நாளுக்கு எது ஏற்றதோ அதை வாங்கிவிட்டு, மற்ற நாளுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதுதான் குடும்பஸ்தன் செய்கிற காரியம். அடிக்கடி நிறுத்தி ஒரு காபி குடித்தால் முதுகும் நேராகும்.

வாகன நெரிசலில் ஹிமாலயன் போன்ற திரவக் குளிர்விப்பு இன்ஜினின் விசிறி சுழல ஆரம்பித்தால் சூடான காற்று காலில் அடிக்கும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. சென்னை மே மாதத்தில் அது சிறிய விஷயம் அல்ல.

மைல்கல்

இங்கேதான் உங்களோடு வேறுபடுகிறேன் அண்ணாச்சி. நகரத்தில் அசௌகரியம் என்பது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அலுவலகம் வந்ததும் இறங்கிவிடலாம். சேத்தியாத்தோப்புக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொண்டால் இறங்கிப் போவதற்கு வழியில்லை. மீதித் தூரத்தை ஓட்டியே ஆக வேண்டும், அதுவும் பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு. எத்தனை நாள் என்று எண்ணி வண்டி வாங்குவதைவிட, எந்த மணி நேரத்தில் நமக்கு வேறு வழியே இல்லையோ அந்த மணி நேரத்தை நினைத்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து. வலி தெரிந்த ஓட்டுநருக்குக் கவனம் சாலையில் பாதி, இடுப்பில் பாதி என்று பிரிந்துவிடும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுவது. 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, ஆனால் நெஞ்சில் விழும் அழுத்தம் 56 சதவீதம் கூடுகிறது. கால் முன்னால் நீண்டிருக்கும்போது அந்த அழுத்தத்தைத் தொடையால் தாங்க முடியாது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவது போல் கையும் தோளும்தான் தாங்கும். 80-இலேயே போவேன் என்றால் இது பெரிய குறையல்ல. நல்ல விண்ட்ஷீல்டு ஒன்று மாட்டினால் ஏறக்குறைய தீர்ந்துவிடும். மாட்டும்போது அதன் மேல்விளிம்பு மூக்கு மட்டத்தில் இருக்கட்டும். அதைவிட உயர்ந்தால் மழையில் கண்ணாடி வழியாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும். மிகவும் தாழ்ந்தால் காற்று திரண்டு ஹெல்மெட்டிலேயே மோதும்.

சோழமண்டலன்

அனைவருக்கும் நன்றி. பொருத்தமான ஒரு தகவலை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். கும்பகோணத்தில் இருக்கும் நாள்களில் அம்மாவை நாகேஸ்வரன் கோயிலுக்கும் சுவாமிமலைக்கும் வண்டியில்தான் அழைத்துப் போவேன். அவருக்கு வயது 68. புடவை கட்டியிருப்பதால் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். மனைவி நெடும்பயணத்தில் சுடிதார் அணிந்து இருபக்கமும் கால் போட்டு உட்காருவார். இருவருக்கும் எந்த வண்டி சரிப்படும்? சாமான் பெட்டிகளும் மாட்ட வேண்டும்.

பட்டறைக்காரர்

இதுவரை ஓட்டுபவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் உட்காருபவரிடம் கேட்காமல் வண்டி வாங்கியவர்கள், ஆறு மாதத்துக்குள் என் பட்டறைக்கு வந்து இருக்கையை மாற்றித் தரச் சொல்லுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் அம்மா. ஒருபக்கமாக உட்காருபவரின் கால்கள் இடப்பக்கம் தொங்கும். இடப்பக்கத்தில் பேனியர் எனப்படும் பக்கவாட்டுப் பெட்டி மாட்டிவிட்டால் கால் வைக்க இடமே இருக்காது. பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு அவர் நிலைகுலைவார். பெட்டிக்கான இரும்புச் சட்டத்தை மாட்டும்போது பலர் செய்யும் இன்னொரு காரியம், புடவைக் காப்புக் கம்பியைக் கழற்றி எறிவது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்வைப்பும் வேண்டும் என்பதோடு, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் வேண்டும் என்று சொல்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காக அதைக் கழற்றாதீர்கள்.

ஹிமாலயனோ வி-ஸ்ட்ராமோ, பின்னிருக்கை ஓட்டுபவரின் இருக்கையைவிட உயரம். 68 வயதில் ஒருபக்கமாக அதில் ஏறுவதற்கு நடைபாதைத் திண்டோ படியோ தேவைப்படும். இந்த ஒன்றில் மீட்டியோர் தெளிவாக மேல். ஆனால் கும்பகோணத்துக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டத்துக்காக 290 கிலோமீட்டர் பயணத்துக்கான வண்டியைத் தீர்மானிப்பது சரியா என்று பாருங்கள். ஊரில் உறவினரிடம் ஸ்கூட்டர் இருந்தால், அம்மாவுக்கு இந்த இரண்டு வண்டிகளையும்விட அதுதான் வசதி.

அடுத்து உங்கள் மனைவி. க்ரூஸரில் பின்னிருப்பவர் பின்சக்கர அச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே உட்காருவார். சக்கரம் பள்ளத்தில் விழும் அடி சுற்றிவளைக்காமல் நேராக அவருக்குப் போகும். ஓட்டுபவருக்காவது பள்ளம் வருவது தெரியும், கையில் பிடிமானமும் இருக்கும். பின்னிருப்பவருக்கு உங்கள் முதுகுதான் தெரியும். க்ரூஸர் வாங்குவதானால் பின்சாய்வு மாட்டுங்கள், பின்சக்கர அதிர்வைத் தாங்கும் பின்ஷாக்கின் அழுத்தத்தை இருவர் எடைக்கு ஏற்பக் கூட்டி வையுங்கள். பின்னால் ஆளும் சாமானும் ஏறிய நிலையில் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே விட்டுவிட்டால் ஷாக் கடைசிவரை அமுங்கி இரும்போடு இரும்பு இடிக்கும். எந்த நிறுவன வண்டியானாலும் இதுதான் நடக்கும்.

பஞ்சரையும் யோசிக்க வேண்டும். மீட்டியோரிலும் வி-ஸ்ட்ராமிலும் அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், சாலையோரத்திலேயே திரி சொருகிவிட்டுப் போகலாம். ஹிமாலயன் 450 ஸ்போக் வீலோடும் ட்யூபோடும் வந்தது. பிற்பாடு ட்யூப்லெஸ் ஸ்போக் வீலும் கொடுக்கிறார்கள். அதை எடுப்பதானால் ட்யூப்லெஸ் வகையையே கேட்டு வாங்குங்கள். இரவில் பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவில் 17 அங்குலப் பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றும் வேலை யாருக்கும் வேண்டாம்.

நாமக்கல்_வளைவு

மலையைப் பற்றி யாரும் பேசாததால் சுருக்கமாக. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40. மீட்டியோரின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். நிதானமாக ஏறினால் எல்லா வளைவையும் அழகாக எடுக்கும். கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் ஃபுட்பெக் தாரில் உரசிச் சத்தம் போடும். அது எச்சரிக்கைதான், ஆபத்தில்லை. சூப்பர் மீட்டியோர் 650-க்கு ஆசைப்படுபவர்கள் அதன் 135 மில்லிமீட்டரையும் 241 கிலோவையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது எந்த வண்டியானாலும் இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கில், அதாவது இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி, இறங்க வேண்டும். பின்பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மலையை வைத்து வண்டியைத் தீர்மானிக்க வேண்டாம்.

கொங்கு_ரைடர்

பட்டறைக்காரர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஷோரூம் ஓட்டத்தை நம்பாமல் வண்டியை வாடகைக்கு எடுங்கள். சென்னையில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகை வண்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அண்ணியையும் ஏற்றிக்கொண்டு, கொண்டுபோகும் பையையும் கட்டிக்கொண்டு, கும்பகோணத்துக்கே ஒருமுறை போய்வாருங்கள். வாடகை சில ஆயிரம் ஆகும். இரண்டு மூன்று லட்சத்தைத் தவறான வண்டியில் போடுவதைவிட அது மேல்.

சோழமண்டலன்

தாமதத்துக்கு மன்னிக்கவும். சகோதரியின் யோசனைப்படி மூன்று வண்டிகளையும் வெவ்வேறு வாரங்களில் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

மீட்டியோர், அண்ணாச்சி சொன்னபடியே இருந்தது. தாம்பரம் தாண்டிய பிறகு விக்கிரவாண்டி வரை 80-இல் போவது அப்படியொரு நிம்மதி. இன்ஜின் சத்தமே தாலாட்டியது. என் முதுகுகூட நினைத்ததைவிட நன்றாகவே தாங்கியது. ஆனால் பண்ருட்டி தாண்டியதும் மனைவி என் தோளைத் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் இருக்கையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டியிருந்ததாகச் சொன்னார். வடலூரில் இறங்கியவர் மீண்டும் ஏறுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது.

ஹிமாலயனில் அதே பகுதியை வேறொரு சாலை என்றே சொல்லலாம். ஜல்லி பரப்பிய மாற்றுப்பாதையில் சற்று எழுந்து நின்று ஓட்டியபோது, மைல்கல் அவர்கள் சொன்ன நாற்காலிச் சோதனையின் பொருள் புரிந்தது. மனைவிக்கும் குறையில்லை. திங்கள்கிழமை காலையில் அதே வண்டியோடு அம்பத்தூர் போனதுதான் சோதனை. கால் நுனியில் 196 கிலோவைத் தாங்கிக்கொண்டு நின்று நின்று போனதில் அலுவலகம் சேரும்போது இடது கெண்டைக்காலே மரத்துப்போயிருந்தது. காலில் அடித்த சூடும் உண்மைதான்.

வி-ஸ்ட்ராமை வேறு வழியில்லாமல்தான் எடுத்தேன். அதன் அலகு போன்ற முன்பகுதி இன்னும் என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. நெரிசலில் ஒரு பாதத்தை ஊன்றி நிற்பது இரண்டாம் நாளே கைவந்துவிட்டது, எடை குறைவு என்பதே காரணம். நெடுஞ்சாலையில் 80-இல் இன்ஜின் மீட்டியோரைவிடக் கூடுதலாகச் சுற்றுகிறது, 22.2 நியூட்டன் மீட்டர் 7,300 சுற்றுகளில்தான் கிடைக்கிறது என்பதால் லாரியைத் தாண்டும்போது ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கிறது. 12 லிட்டர் டேங்க் ஊர்வரை தாராளமாகப் போதும். பண்ருட்டிக்குப் பிறகு ஹிமாலயன் அளவுக்கு மெத்தென்று இல்லை. இருந்தாலும் மனைவி தோளைத் தட்டவில்லை. அவர்தான் முடிவையும் சொன்னார்: இதை எடுங்கள், வண்ணம் மட்டும் நான் தேர்ந்தெடுக்கிறேன் என்று.

அம்மாவுக்குத் தம்பியின் ஸ்கூட்டர் இருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டேன். பெட்டிகளுக்கும் பின்ஷாக் அமைப்புக்கும் பட்டறைக்காரர் ஐயாவின் ஆலோசனை வேண்டும்.

தண்டர்பேர்டு_அண்ணாச்சி

மனைவி தேர்ந்தெடுத்த பிறகு நான் என்ன சொல்வது. ஆனாலும் தனியாக, மாலை வேளையில், மகாபலிபுரம் வரை போய்வருவதற்கு என்று ஒரு வண்டி வாங்கும் காலம் வந்தால் என்னைக் கேளுங்கள். அதற்கு க்ரூஸர்தான், அதில் விவாதமே கிடையாது.

மைல்கல்

அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை அண்ணாச்சி.

பட்டறைக்காரர்

இடப்பக்கப் பெட்டி வேண்டாம்; எப்போதாவது அம்மாவும் ஏறத்தான் செய்வார். பின்கேரியரில் ஒரு டாப் பாக்ஸ் போதும். அதிலும் கனமான சாமானை அடியில், முன்பக்கமாக வையுங்கள். பின்சக்கர அச்சைத் தாண்டிப் பின்னால் எடை ஏற ஏற ஹேண்டில்பார் லேசாகி ஆட ஆரம்பிக்கும். பூட்டுச் சாவி, மழைக்கோட்டு, தண்ணீர் மட்டும் மேலே.

பின்ஷாக்கைப் பொறுத்தவரை, தனியாக ஓட்டும் நாளில் வந்த அளவிலேயே இருக்கட்டும். மனைவியும் பெட்டியும் ஏறும் நாளில் அழுத்த வளையத்தை இரண்டு படி கூட்டுங்கள். அதற்கான வளைந்த சாவி வண்டியோடு வரும் கருவிப்பையில் இருக்கிறதா என்று டெலிவரி எடுக்கும்போதே பார்த்து வாங்கிவிடுங்கள். கூட்டிய பிறகு இருவரும் உட்கார்ந்து, சுவரில் ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தனியாக உட்கார்ந்தபோது விழுந்த இடத்தைவிட மேலே ஏறியிருந்தால் இன்னும் ஒரு படி கூட்ட வேண்டும். பின்டயர் காற்று இருவருக்கு எவ்வளவு என்பது செயின் மறைப்பிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கையிலோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். அதைக் குளிர்ந்த டயரில், வீட்டிலிருந்து கிளம்பும் முன் பிடியுங்கள். செயினுக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று இரவே, சூடு ஆறுவதற்கு முன் அடித்துவிட்டால் காலைக்குள் நன்றாக ஊறிவிடும்.